பெயருக்கு என்ன விலை?

வேளாங்கண்ணிக் கடைத்தெருவில், ஆகஸ்டு 29ஆம் நாள் கொடியேறிச் செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழாவோடு நிறைவுறும் அந்தப் பதினொரு நாள்களில், மக்கள் நின்று வேடிக்கை பார்க்கும் இடங்களுள் ஒன்று பெயர் பொறித்துத் தரும் கடை. சிப்பியில், சங்கில், சாவிக்கொத்தில், மரப்பலகையில் என்று எதில் கேட்டாலும் பெயர் எழுதித் தருகிறார்கள். நகரங்களில் நடைபெறும் கைவினைப் பொருட்காட்சிகளிலும் இதே வணிகம் சற்று நாகரிகமான உருவில் நடைபெறுகிறது. அங்கே தேக்கிலும் வேம்பிலும் செய்த புகைப்படச் சட்டங்களும், பேனாத் தாங்கிகளும், வீட்டு வாயிலில் மாட்டும் பலகைகளும் தத்தம் பெயருக்காகக் காத்திருக்கின்றன. பெயர் இல்லாத பலகைக்கு ஒரு விலை. பெயருடன் சேர்த்தால் வேறொரு விலை. இவ்விரு விலைகளுக்கும் இடையே உள்ள அந்த வேறுபாட்டுத் தொகை எதற்காகத் தரப்படுகிறது? சிறிய வினாதான். ஆனால் இதைத் தொட்டு இழுத்தால், அன்புக்கும் வணிகத்துக்கும் இடையே எங்கே கோடு கிழிப்பது என்னும் பெரிய வினாவும் கூடவே வந்துவிடுகிறது.

பொதுவாக, ஒரு பொருளில் வேலைப்பாடு கூடினால் அதை விரும்பி வாங்குவோரும் கூடுவர். பெயர் பொறித்தல் இதற்கு நேர்மாறானது. வெறும் பலகையாக இருந்தவரை அதை எவரும் வாங்கலாம், எவருக்கும் விற்கலாம். அதில் ‘ஆரோக்கியமேரி’ என்று உளி இறங்கிய நொடியிலேயே, உலகில் அதை விரும்புவோர் ஒரு குடும்பத்தார் மட்டுமே என்றாகிவிடுகிறது. மறுவிற்பனைக்கு அது உதவாது. இரவல் கொடுக்கவும் உதவாது. பண்டிகைக்கு நமக்கு வந்த பரிசைத் தாள் பிரிக்காமலே அடுத்த வீட்டுத் திருமணத்துக்குக் கொண்டுபோகும் நம்மவர் வழக்கத்துக்கும் அது இடந்தராது. ஒருவரைத் தவிர மற்ற எல்லாருக்கும் மதிப்பிழந்த பொருள், அந்த ஒருவருக்கு மட்டும் மதிப்பு மிக்கதாகிறது. சந்தையிலே செய்யப்பட்டுச் சந்தையிலேயே விற்கப்பட்டாலும், பெயர் ஏறியவுடன் அப்பொருள் சந்தையை விட்டு வெளியேறிவிடுகிறது.

இந்த வெளியேற்றத்துக்குத்தான் கைவினைஞர் கூடுதல் விலை கேட்கிறார். கேட்பது முறைதானா?

இவ்வினாவுக்கு ஏறத்தாழ அப்படியே பொருந்தும் விடையொன்று, எழுநூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே சொல்லப்பட்டிருக்கிறது. 1274இல் மறைந்த புனித தாமஸ் அக்குவினாஸ், தமது பெரிய இறையியல் தொகுப்பின் இரண்டாம் பகுதியின் இரண்டாம் பிரிவில், 77ஆம் வினாவாக வாங்கல் விற்றலில் நிகழும் வஞ்சனையை எடுத்துக்கொள்கிறார். வானதூதர்களைப் பற்றி அத்தனை ஆழமாக எழுதியவர், கடைக்காரரின் தராசையும் விட்டுவைக்கவில்லை என்பது நமக்கு ஆறுதல் தரும் செய்தி. அவர் கூறுவதன் சாரம் இது. ஒரு பொருளைக் கொடுத்துவிடுவதால் விற்பவருக்குத் தனிப்பட்ட இழப்பு உண்டாகுமானால், அந்த இழப்பையும் விலையோடு சேர்த்துக் கேட்கலாம். ஆனால் விற்பவருக்கு அத்தகைய இழப்பு எதுவும் இல்லாமல், வாங்குபவருக்கு மட்டும் அப்பொருளால் பெரும் பயன் கிட்டுமானால், அதைக் காரணம் காட்டி விலையை உயர்த்தக் கூடாது. ஏனெனில், அந்தத் தனிப் பயன் பிறப்பது வாங்குபவருடைய நிலையிலிருந்து; அது விற்பவருக்கு உரியதன்று. தமக்கு உரிமையில்லாத ஒன்றை ஒருவர் எப்படி விற்க முடியும்?

இதை நமது பலகைக்குப் பொருத்திப் பார்ப்போம். பெயர் பொறிப்பவருக்கு இழப்பு இருக்கிறதா? இருக்கிறது. அவருடைய நேரம் செலவாகிறது. ஓர் எழுத்துப் பிசகினால் பலகையே போகிறது. சொல்லிவிட்டுப் போனவர் வராமல் போனால் அந்தப் பொருளை வேறு யாரிடமும் தள்ள முடியாது. திருவிழா நாள்களின் கடை வாடகையை, விற்றாலும் விற்காவிட்டாலும் கட்டியாக வேண்டும். இவை அனைத்துக்கும் சேர்த்து அவர் கூடுதல் கேட்பது நூற்றுக்கு நூறு முறையே. பேரம் பேசி இதையும் குறைக்க முயலும் அன்பர்கள் சற்றே நாணலாம். ஆனால், எதிரே நிற்கும் மனிதர் வெளிநாட்டுக்குப் புறப்படும் மகனுக்காக வாங்குகிறார் என்றோ, பல்லாண்டு காத்திருந்து பெற்ற குழந்தைக்காக வாங்குகிறார் என்றோ அவர் முகத்தில் படித்துவிட்டு, அந்த முகத்துக்கேற்ப விலையை ஏற்றினால் அது வேறு செயல். அங்கே விற்கப்படுவது மரமுமன்று, உழைப்புமன்று. வாங்குபவர் தம்மோடு கொண்டுவந்த அன்பையே எடுத்து அவருக்கே விற்பதாகும்.

அக்குவினாஸ் அங்கேயே இன்னொன்றும் சொல்கிறார்: பெரும் பயன் பெற்றவர் தாமே விரும்பிக் கூடுதலாக ஏதேனும் கொடுத்தால், அது அவருடைய பெருந்தன்மையைக் காட்டும். விற்பவர் கேட்கக் கூடாததை வாங்குபவர் கொடுக்கலாம். பொருத்தமாக அமைந்த பெயரைப் பார்த்து மகிழ்ந்து, ‘மீதியை வைத்துக்கொள்ளுங்கள் தம்பி’ என்று சொல்லிப் போகும் பாட்டி, அறநெறி நூல் எதையும் படிக்காமலே இந்த நுட்பத்தை அறிந்தவர்.

சில கடைகளில் எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதுண்டு. வெளிப்படையான முறைதான், ஆனால் தமிழில் அது படுத்தும் பாடு சொல்லி மாளாது. ‘ஜான்’ என்பவருக்கு இரண்டெழுத்துக் கூலி. ‘ஞானப்பிரகாசம்’ என்பவருக்கு எட்டெழுத்துக் கூலி. மெய்யெழுத்துக்கு அரை மாத்திரைதான் என்று இலக்கணம் காட்டி அரைக் கூலி கொடுக்க முடியுமா? ‘கொ’ என்பது இலக்கணத்துக்கு ஓரெழுத்து. உளி பிடிப்பவருக்கோ மூன்று உருவம். அது மட்டுமன்று. நம் எழுத்துகளில் சுழிகள் மிகுதி. மரத்தின் ரேகை நேராக ஓட, ‘ண’வின் சுழிகள் அதைக் குறுக்கே வெட்டித் திரும்புகின்றன. ரேகைக்கு எதிராக உளி திரும்பும் இடத்தில்தான் சிம்பு பெயரும். பலகையைத் துளைத்து எழுத்தை வெட்டியெடுக்கும் வேலையிலோ, சுழியின் நடுவிலுள்ள துண்டைத் தாங்க ஒரு சிறு பாலம் விடாவிட்டால் அது கழன்று விழுந்துவிடும். ஆக, நியாயமான கூலி என்பது எழுத்தெண்ணிக்கையில் மட்டும் அடங்குவதன்று; வேலையை அறிந்தவர் மனச்சான்றுப்படி சொல்வதையே இறுதியில் நம்ப வேண்டியிருக்கிறது.

நம்பிக்கை என்றவுடன் இன்றைய இயந்திரத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இப்போது பெரும்பாலும் லேசர் கதிர்தான் மரத்தில் எழுதுகிறது. 1964இல் கண்டறியப்பட்ட கரியமில வாயு லேசர்தான் மரவேலைக்கு மிகுதியும் பயன்படுகிறது. அதன் கதிர் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர். பட்ட இடத்தில் மரத்தைக் கருக்கிப் பழுப்பு நிறத் தடம் பதிக்கிறது. உளியும் கொட்டாப்புளியும் கொண்டு நெடுநேரம் செய்யும் வேலை, கணினியில் பெயரைத் தட்டிய சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. இதில் குற்றம் ஏதுமில்லை. இயந்திரம் வைத்திருப்பவரும் பிள்ளைகளைப் படிக்க வைக்க வேண்டியவரே. அச்சில் வந்த செபப்புத்தகத்தைக் கையெழுத்துப் பிரதி அன்று என்று நாம் ஒதுக்கினோமா? குற்றம் தொடங்குவது, ‘எல்லாம் கைவேலை’ என்று அட்டை எழுதி மாட்டும்போதுதான். மரத்தூளைப் பசையிட்டு அழுத்திய பலகையின் மேல் தேக்குத் தோல் ஒட்டி, ‘பர்மாத் தேக்கு’ என்று சொல்வதும் அந்த வகையே. ஒற்றைக்கண் குதிரையை விற்பவர் அந்தக் குறையை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தாலே தெரியும். மறைந்திருக்கும் குறையையோ கட்டாயம் சொல்லியாக வேண்டும் என்று அதே 77ஆம் வினாவில் அக்குவினாஸ் பிரித்துக் காட்டுகிறார். கதிர் எழுதியதை உளி எழுதியது என்று ஏமாறுபவர் இழப்பது பணம் மட்டுமன்று. ‘உனக்காக ஒருவர் உட்கார்ந்து செதுக்கியது’ என்று அவர் தம் மகளிடம் சொல்லப்போகும் சொல்லும் அவரை அறியாமலே பொய்யாகிவிடுகிறது.

வேறொரு ஐயத்தையும் சிலர் எழுப்புவர். காசு கொடுத்து வேறொருவர் கையால் செய்வித்த பொருள், கொடுப்பவருடைய அன்பை எப்படிச் சுமக்கும்? தானே செதுக்கியிருந்தால் அல்லவா அன்பு? நல்ல வினா; எனினும் சற்றுக் கடுமையானது. உளி பிடிக்கத் தெரியாதவர்கள் அன்பளிப்புத் தரக் கூடாதா? வாங்குபவர் இங்கே கொண்டுவரும் பங்கு ஒன்று உண்டு. அது, பெயரை அறிந்திருப்பது.

நம் மக்களிடையே இது எளிதன்று. ஞானஸ்நானப் பதிவேட்டில் சூசை; பள்ளிச் சான்றிதழில் ஜோசப்; வீட்டில் சின்னவன். சின்னப்பன், பவுல், பால் ஆகிய மூன்றும் ஒரே திருத்தூதரின் பெயர். இராயப்பனும் பேதுருவும் பீட்டரும் அப்படியே. அருளப்பனும் யோவானும் ஜானும் அப்படியே. மூன்று தலைமுறைக்குள் மூன்று வடிவங்கள் ஒரே வீட்டில் உண்டு உறங்குகின்றன. கடைக்காரர் தாளையும் பேனாவையும் நீட்டி, ‘எப்படி எழுதணும்மா, நீங்களே எழுதிக் கொடுங்க’ என்று கேட்கும் நொடியில், வாங்க வந்தவர் ஒருகணம் தயங்குவதைக் காணலாம். அவர் எந்த வடிவத்தில் அழைக்கப்பட விரும்புகிறார்? ‘ஜெனிபர்’ என்று எழுதினால் பேத்தி முகம் சுளிப்பாளோ, ‘ஜெனிஃபர்’தான் வேண்டுமோ? அந்தத் தயக்கத்தில் அவர் தம் பேத்தியை முன்னே நிறுத்திப் பார்க்கிறார். பொருளின் விலைச்சீட்டில் இல்லாத உழைப்பு இதுவே. இதைக் கடைக்காரர் செய்ய இயலாது. முன்கூட்டியே பெயர் வெட்டி அகர வரிசையில் அடுக்கிவைத்த சாவிக்கொத்துகளில் துழாவி எடுத்து வருவதில் இவ்வுழைப்பு பெரும்பாலும் நிகழ்வதில்லை. அந்த அடுக்கில் மேரியும் ஜானும் தாராளமாகக் கிடைப்பார்கள். வியாகுலமும் அடைக்கலமும் செபஸ்தியம்மாளும் எளிதில் கிடைப்பதில்லை; அவர்களுக்காக யாரேனும் நின்று, கேட்டு, காத்திருந்துதான் ஆக வேண்டும்.

இனி, எவருடைய பெயர்? திருமணச் சீராக வரும் எவர்சில்வர் குடத்தைத் திருப்பிப் பாருங்கள். பாத்திரக்கடையில் மின்கருவியால் வெட்டிய எழுத்துகளில், பெறுபவர் பெயர் இருக்காது. ‘அன்பளிப்பு’ என்ற சொல்லும், கொடுத்தவர் பெயரும், சில வேளைகளில் அவர் பதவியும் ஊரும் இருக்கும். மொய்நோட்டில் எழுதப்படும் தொகைக்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை. அது ஒரு வரவுக் குறிப்பு. என்றேனும் ஒரு நாள் திருப்பித் தர வேண்டிய கடனின் சான்று. பரிசுகள் திருப்பித் தரப்பட்டாக வேண்டும் என்னும் கட்டாயத்தைப் பல்வேறு இனத்தாரிடையே கண்டு, பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925இல் விரிவாக எழுதினார். நம் ஊர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தால் அவருக்கு வேலை இன்னும் எளிதாயிருந்திருக்கும். கோவில்களில் பெஞ்சுகளின் முதுகிலும் மின்விசிறியின் இறக்கையிலும் உபயம் செய்தவர் பெயர் எழுதும் பழக்கத்தைப் பற்றி இங்கே நான் நீட்டிப் பேசவில்லை. விசிறி சுழலும்போது அந்தப் பெயர் படிக்க முடியாமல் போய்விடுகிறது என்பதே போதும்.

பெறுபவர் பெயரைப் பொறிப்பதன் நேர்த்தி வேறு. விடுதலைப் பயண நூலின் 28ஆம் அதிகாரத்தில், தலைமைக் குரு ஆரோனுக்கான உடை விவரிக்கப்படுகிறது. இரண்டு மணிக்கற்களில், கல்லுக்கு ஆறாக, இஸ்ரயேலின் பன்னிரு புதல்வர் பெயர்களும் பிறந்த வரிசைப்படி முத்திரை வெட்டுபவர் கைத்திறனோடு பொறிக்கப்பட வேண்டும்; ஆரோன் அவற்றைத் தம் தோள்களில் சுமக்க வேண்டும். அங்கே சுமப்பவருடைய பெயரோ கல்லைக் கொடுத்தவருடைய பெயரோ பொறிக்கப்படவில்லை. சுமக்கப்படுபவர்களின் பெயர்களே பொறிக்கப்பட்டன. கல்வெட்டிய கைவினைஞருக்கு என்ன கூலி தரப்பட்டது என்பதையும் அந்த அதிகாரம் கூறவில்லை. நமக்கு அந்தக் கணக்கும் தெரிந்தால் நன்றாயிருக்கும்.

கடைசியாக, கைவினைஞரையே உறுத்தும் ஒரு நடைமுறைச் சிக்கல். பெயர் சொல்லி, பாதிப் பணம் முன்பணமாகக் கட்டிவிட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. தேர் முடிந்து, கூட்டம் கலைந்து, கடையைப் பிரிக்கும் நாளும் வந்துவிட்டது. பெட்டியின் அடியில் ஒரு மரப்பலகை. அதில் ஒரு பெயர். மரம் நல்ல மரம். கதிர் எழுதியதென்றால் உப்புத்தாள் தேய்த்தே பெரும்பாலும் மறைந்துவிடும். உளி ஆழமாக இறங்கியதென்றால் இழைப்புளி கொண்டு சீவ வேண்டும், பலகையும் அவ்வளவுக்கு மெலிந்துபோகும். முன்பணத்தை அவர் வைத்துக்கொள்ளலாம். செய்த வேலைக்கும் பட்ட இழப்புக்கும் அது ஈடு. பலகையை உடனே சீவி அடுத்த ஊர்ச் சந்தையில் வேறொருவர் பெயருக்குப் பயன்படுத்திக்கொள்ளவும் சட்டப்படி அவருக்குத் தடை இருக்கும் என்று தோன்றவில்லை. ஆனால் திருவிழாவுக்கு வருபவர்களுள் நடந்தே வருபவர்கள் பலர். வழியில் காய்ச்சல் கண்டவர் உண்டு, பேருந்தைப் பிடிக்க ஓடியவர் உண்டு, கூட்டத்தில் கடையைத் தொலைத்தவரும் உண்டு. என்னைக் கேட்டால், அடுத்த ஆண்டுக் கொடியேற்றம் வரை அந்தப் பலகையை ஒரு துணியில் சுற்றி வைத்திருக்கலாம் என்பேன். முன்பணத்தில் அதற்கான வாடகையும் அடங்கும்.