விசைப்பலகை யார் கையில்?

விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. அதன்பிறகு ரெய்னர்ஸ் லேனில் பழைய மடிகணினியோடு என் வீட்டுக்கு வருபவர்கள் கூடிவிட்டார்கள். நல்லாய் ஓடுகிற பெட்டியைக் குப்பையில் போட மனம் வராத சனம். லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். அடுத்த கிழமை வைஃபை இல்லையென்று திரும்பி வருவார்கள்.

நானே தட்டினால் இரண்டு நிமிட வேலை. சொல்லிக்கொடுத்தால் தேத்தண்ணி ஆறிவிடும். எது உதவி?

‘சூடோ’ என்று தொடங்கும் ஒரு வரிக்குக் கணினியில் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும் அதிகாரம் உண்டு. கடவுச்சொல் அவருடையது, வரியின் பொருள் தெரிந்தவன் நான். வந்த புதிதில் எங்களில் பலருடைய அகதி விண்ணப்பங்களையும் இப்படித்தான் யாரோ நிரப்பினார்கள், அன்போடுதான். எதில் கையெழுத்து வைத்தோம் என்று இன்றைக்கும் தெரியாதவர்கள் இருக்கிறார்கள்.

சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் உள்ள லினக்ஸ் பயனர் குழுக்களில் ஆளுக்காள் கற்பிப்பதுதான் வழக்கம். நேற்றுக் கேட்டவர் இன்று விளக்குவார்.

பேத்தியின் படம் பார்க்க வந்த எழுபது வயதுக்காரருக்கு இந்த வகுப்பு எதற்கு என்று மனைவி கேட்கிறாள். நியாயந்தான். அவர் எல்லாம் படிக்கத் தேவையில்லை. ஆனாலும் வரியை வாசித்து, என்ன செய்யப்போகிறது என்று சொன்ன பிறகு, ‘என்டர்’ அவரைத்தான் அழுத்தச் சொல்கிறேன்.