நட்சத்திரக் குறியும் நெடுவரிசையும்

தரவுத்தளத்தில் ‘கவுண்ட்’ என்றொரு கட்டளை உண்டு. அடைப்புக்குறிக்குள் நட்சத்திரக் குறி இட்டால் எல்லா வரிசைகளையும் எண்ணும். ‘ஊதியம்’ என்று ஒரு நெடுவரிசையின் பெயரை இட்டால், அங்கே எதுவும் பதியப்படாத, ‘நல்’ எனப்படும் வெற்றிடம் உள்ளவர்களை விட்டுவிடும். பிழைச்செய்தி எதுவும் வராது. கணக்கு சரி. அப்படியானால் விடுபட்டவர்களுக்கு யார் பொறுப்பு?

நெடுவரிசையைத் தேர்ந்தவர்தான் என்பேன். 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பெண்களைத் தலைகளாக எண்ணத் தவறவில்லை. ஆனால் சுமார் 36 கோடிப் பெண்களை ‘வேலை செய்யாதோர்’ என்று, பிச்சையெடுப்போரோடும் கைதிகளோடும் ஒரே வகையில் வைத்தது. 2010இல் உச்ச நீதிமன்றமே இதைக் கண்டித்தது.

வெற்றிடத்தில் சுழியம் இட்டால் போதுமா? கவுண்ட் அப்போது அவளையும் எண்ணும்; ஆனால் அவள் உழைப்பின் மதிப்பு ஒன்றுமில்லை என்றே பதிவாகும்.

2019 நேரப் பயன்பாட்டு ஆய்வு ‘எவ்வளவு சம்பாதிக்கிறாய்?’ என்பதோடு நிற்காமல், நாள் எப்படிக் கழிகிறது என்று கேட்டது. ஊதியமில்லா வீட்டுவேலை செய்வோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் அதற்குச் செலவிடுவது தெரியவந்தது. அந்த உழைப்பு முன்பும் இருந்தது. அதற்கென்று ஒரு நெடுவரிசைதான் இல்லை.