கேட்டவர் பதில் சொல்ல வேண்டும்

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டம் பெரும்பாலும் ஒரே ஒழுங்கில் நடக்கும். தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி, ஒரு குறளும் அதன் பொருளும், பிறகு ‘இன்றைய முக்கியச் செய்திகள்’. எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கும் ஒரு பிள்ளை மைக் முன்னால் வந்து நிற்கும். கையில் நோட்டிலிருந்து கிழித்த தாள். வாட்ஸ்அப் குழுவில் வந்ததிலிருந்து ஆசிரியர் பொறுக்கிக் கொடுத்த செய்திகள் அதில் இருக்கும்: ஒரு ராக்கெட், ஒரு மழை எச்சரிக்கை, ஒரு கிரிக்கெட் வெற்றி, தேர்வு அட்டவணை. ‘நன்றி, வணக்கம்’ சொன்னதும் வரிசை கலைந்து வகுப்புக்குப் போய்விடும். பள்ளி முழுவதற்கும் செய்தி சொன்ன அந்தப் பிள்ளையிடம், இதில் ஒன்றைப் பற்றியாவது நீ என்ன நினைக்கிறாய் என்று யாரும் கேட்பதில்லை.

கேட்கத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பவர்களை எளிதாகத் தள்ளிவிட முடியாது. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்டு பார்த்து, ஓவர்டைம் காசில் டியூஷன் ஃபீஸ் கட்டும் தகப்பனார், ‘நீ படிக்கிற வேலையப் பாரு, ஊர்க்கதை உனக்கெதுக்கு’ என்பது அறியாமையால் அல்ல, பயத்தால். அரசு வேலைக்கும் பாஸ்போர்ட்டுக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் உண்டென்று அவருக்குத் தெரியும். 2018 செப்டம்பரில் தூத்துக்குடி போன விமானத்தில் மத்தியில் ஆளும் கட்சிக்கு எதிராக முழக்கமிட்ட ஆராய்ச்சி மாணவி கைது செய்யப்பட்டார். அந்த வழக்கை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ரத்து செய்தபோது 2023 ஆகஸ்ட் ஆகிவிட்டது. ஒரு வரி முழக்கத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். தகப்பனாரின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. ஆனால் பயம் நியாயமானது என்பதால், அதிலிருந்து பிறக்கும் கட்டளையும் நியாயம் ஆகிவிடாது. பேசினால் ஆபத்து வரும் என்றால் அந்த ஆபத்தைக் குறைக்க வேண்டியவர்கள் பெரியவர்கள். அதற்குப் பதிலாகப் பிள்ளையின் வாயைக் கட்டுவது, தெருவில் விளக்குப் போட வேண்டியவர் இருட்டிய பின் யாரும் வெளியே வராதீர்கள் என்பது போலத்தான்.

நாட்டு நடப்பு பிள்ளைகளுக்குத் தூரத்து விஷயம் என்ற வாதம் இந்த வட்டாரத்தில் செல்லாது. 2021 அக்டோபர் 1 அன்று நாட்டின் 41 படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டன. ஆவடியின் கனரக வாகனத் தொழிற்சாலையும் இன்ஜின் தொழிற்சாலையும் ஒரு நிறுவனத்துக்குள் போயின. படை உடைத் தொழிற்சாலை வேறொன்றுக்குள் போனது. நாளிதழுக்கு அது பொருளாதாரச் செய்தி. குவார்ட்டர்ஸில் அது ராத்திரிச் சாப்பாட்டு நேரத்துப் பேச்சு: பென்ஷன் என்ன ஆகும், சர்வீஸ் பழைய கணக்கில் ஓடுமா, வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களா. அதைக் கேட்டுக்கொண்டே ஹோம்வொர்க் எழுதும் பிள்ளைக்குக் கருத்து தானாகவே முளைத்துவிடும். இல்லாதது அதைச் சொல்ல ஓர் இடம்தான்.

கல்விச் செய்தி என்றால் நெருக்கம் இன்னும் கூடும். 2019 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குப் பொதுத்தேர்வு அறிவிக்கப்பட்டது. ஆசிரியர் அமைப்புகளும் பெற்றோரும் கல்வியாளர்களும் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரி 4 அன்று அரசு அதைக் கைவிட்டது. நல்ல முடிவு. ஆனால் அறிவிப்புக்கும் ரத்துக்கும் இடைப்பட்ட அந்த மாதங்களை, ஹால் டிக்கெட் என்றால் என்னவென்றே தெரியாத பத்து வயதுப் பிள்ளைகள் பயத்தோடு கழித்தார்கள். அறிவித்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை, கைவிட்டபோதும் கேட்கவில்லை. அதே கேள்வி 2024 டிசம்பரில் திரும்பி வந்தது. ஐந்திலும் எட்டிலும் தேறாத பிள்ளைகளை மறுதேர்வுக்குப் பிறகும் தேறாவிட்டால் அதே வகுப்பில் நிறுத்தலாம் என்று மத்திய அரசு விதியைத் திருத்தியது. அது கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்குப் பொருந்தும். தன் பள்ளிகளில் பழைய முறையே தொடரும் என்றது தமிழ்நாடு அரசு. ஆவடியில் இதற்கு நேரடிப் பொருள் உண்டு. ஒரே தெருவில் விளையாடும் இரண்டு பிள்ளைகளில், கேந்திரிய வித்யாலயாவில் படிப்பவன் ஐந்தாம் வகுப்பில் நின்றுபோகலாம். மாநில அரசுப் பள்ளியில் படிப்பவன் ஆறாவதுக்குப் போவான். எது சரி என்று பெரியவர்கள் விவாதிக்கிறார்கள். நண்பன் மேல்வகுப்புக்குப் போக, தான் மட்டும் அதே பெஞ்சில் உட்காரப்போகும் பிள்ளைக்கு அதில் சொல்ல ஒன்றும் இருக்காது என்று எப்படி முடிவு செய்தோம்?

பிள்ளைக்கு என்ன தெரியும் என்பார்கள். பிள்ளைக்கு மட்டுமே தெரிந்த சில விஷயங்கள் உண்டு என்பதுதான் அதற்குப் பதில். பூந்தமல்லியில் பார்வைத்திறன் குறைந்தவர்களுக்கான அரசு மேல்நிலைப் பள்ளி இருக்கிறது. பொதுத்தேர்வில் அவர்கள் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதுவார். கூடுதல் நேரமும் உண்டு. விதியில் எல்லாம் சரியாகவே இருக்கும். சொல்பவரின் வேகத்துக்கு எழுதுபவர் வராதபோது என்ன ஆகிறது, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டச் சொல்லக் கூச்சமாக இருக்கிறதா, அந்தப் பாடமே தெரியாதவர் எழுத வந்தால் ஒரு சொல்லை எத்தனை தரம் எழுத்துக்கூட்ட வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் விதி எழுதியவருக்குத் தெரியாது. அந்த நாற்காலியில் உட்கார்ந்து சொல்பவருக்குத்தான் தெரியும். எழுதும்போது கை இழுத்துக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வருக்கு, ஊனத்தின் அளவு போதாது என்று எழுத்தர் உதவி மறுக்கப்பட்டது. அவர் தொடர்ந்த வழக்கில் 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அந்த அளவுகோலே தவறு என்றது. அதிகாரிகளின் கண்ணுக்குத் தப்பிய ஓட்டையைத் தேர்வெழுத வந்தவர் காட்டிக்கொடுத்தார். தன்னைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லவும், வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்பு அதற்குத் தரப்படவும் குழந்தைக்கு உரிமை உண்டு என்கிறது ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு. இந்தியா அதில் 1992இல் சேர்ந்தது.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடக் கனமானது. பிள்ளை சொல்வது அதன் சொந்தக் கருத்தா? அப்பா கேட்கும் சேனல், அண்ணன் பார்க்கும் யூடியூப், தெருமுனைக் கட்சிக் கொடி எல்லாம் சேர்ந்து பேசுவதுதானே? உண்மைதான். ஆனால் இரவல் கருத்தைப் பிள்ளைக்குப் பழக்கியதில் பள்ளிக்கும் பெரிய பங்கு உண்டு. சுதந்திர தின விழாப் பேச்சுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்று தொடங்கி, கை வீச்சு எந்த வரியில் வர வேண்டும் என்பது வரை ஆசிரியர் எழுதிக் கொடுத்தது. ஒரு வரி தவறவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு முதல் பரிசு. நடுவில் திக்கி, ‘எங்க ஸ்கூல் டாய்லெட்ல தண்ணியே வர்றதில்ல, இதுல எப்படி வல்லரசு ஆகிறது’ என்று கேட்கும் பிள்ளைக்குப் பரிசு கிடைக்காது. இறங்கியதும் திட்டு கிடைக்கும். சொந்தமாக யோசித்ததற்குத் தண்டனையும் மனப்பாடத்துக்குக் கோப்பையும் கொடுத்து வளர்த்துவிட்டு, இவர்களுக்குச் சொந்தக் கருத்தே இல்லை என்று குறை சொல்வது நேர்மை ஆகாது. சொந்தக் கருத்து முதல் தடவையே முழுதாக வராது. அரைகுறையாகச் சொல்லி, மறுக்கப்பட்டு, திருத்திச் சொல்லித்தான் தேறும். அந்த அரைகுறையைப் பாதுகாப்பாகச் சொல்வதற்கு வகுப்பறையை விட்டால் வேறு இடமில்லை.

பேசவிடாதது ஒரு தவறு என்றால், பேசவைத்துப் பயன்படுத்திக்கொள்வது அதற்குச் சற்றும் குறையாத தவறு. நீட் தேர்வு நாளில் மையத்தின் வாசலில் கம்மலைக் கழற்றிக்கொண்டிருக்கும் மாணவியின் முகத்துக்கு நேரே மைக் நீளும். பதற்றத்தில் அவள் சொல்லும் நான்கு சொற்கள் இரவு விவாதத்தில் ஒரு தரப்பின் ஆயுதம் ஆகும். மறுநாள் அவள் பெயர் யாருக்கும் நினைவிருக்காது. அரியலூர் மாணவி அனிதா 2017இல் நீட்டை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார். பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கியவர். மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தவர்களை வேறொரு பாடத்திட்டத்தை ஒட்டிய தேர்வில் நிறுத்துவது நியாயமா என்பது அவர் தரப்பின் கேள்வி. ஏற்கலாம், மறுக்கலாம், எப்படியும் அது ஒரு வாதம். அவர் மறைந்த பிறகு அந்த வாதம் சுவரொட்டியில் படமாகிவிட்டது. மேல்நிலை வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் 2018இல்தான் வரத் தொடங்கியது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுச் சட்டம் 2020இல் வந்தது. மாணவர்கள் உயிரோடு நின்று வாதிடும்போதே அந்த அவசரம் வந்திருக்க வேண்டும்.

எல்லாக் கருத்தையும் கருத்து என்று ஏற்றுக்கொள்ளவும் முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவரை உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து வெட்டியதற்குப் பிறகு, ‘பிள்ளைகள் மனம்விட்டுப் பேசட்டும்’ என்று எந்த ஆசிரியராலும் கவலையில்லாமல் சொல்ல முடியாது. ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவின் ஒரு நபர் குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கை, சாதி பள்ளிக்குள் எப்படியெல்லாம் நுழைகிறது என்பதைப் பேசியது. எல்லையை இங்கேதான் போட வேண்டும். இட ஒதுக்கீடு சரியா தவறா என்பது கொள்கை பற்றிய கருத்து. வகுப்பில் அதற்கு இடம் உண்டு. ‘உனக்கு கோட்டால சீட் கிடைச்சிடும்’ என்று பக்கத்தில் இருப்பவனைப் பார்த்துச் சொல்வது அவன் பிறப்பின் மேல் எறியும் கல். இரண்டையும் பிரித்துக் காட்டுவது ஆசிரியரின் வேலை. ஆபத்து என்று பேச்சையே நிறுத்திவிட்டால் கல் எறிவது நிற்காது. ஆசிரியர் இல்லாத மைதானத்துக்குப் போய்விடும்.

இதில் அதிகம் பேசப்படாத கடமை கேட்ட பிறகு வருவது. நீட் பற்றி ஆராய 2021இல் அமைக்கப்பட்ட நீதிபதி ஏ.கே. ராஜன் குழுவுக்கு 86,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்தன. அந்த அறிக்கை பொதுவெளிக்கு வந்தது. அதன் முடிவோடு உடன்படாதவர்கள்கூட, எதை எடுத்துக்கொண்டார்கள் எதை விட்டார்கள் என்று படித்துப் பார்த்து மறுக்க முடியும். கருத்துக் கேட்பது என்றால் இவ்வளவாவது செய்ய வேண்டும். பெட்டி வைத்துச் சீட்டு வாங்கிவிட்டு மௌனமாக இருப்பது, கேட்காமலே இருந்ததைவிட மோசம். சொல்லிப் பயனில்லை என்பதை அந்தப் பிள்ளை அங்கேதான் கற்றுக்கொள்கிறது. பிளஸ் டூ விடைத்தாளில் ஒரு மதிப்பெண் ஏன் குறைந்தது என்று அறிய நகல் வாங்கலாம், மறுகூட்டல் கேட்கலாம், மறுமதிப்பீடு கேட்கலாம். தன் படிப்பை மாற்றிய முடிவுக்குக் காரணம் கேட்க அதே மாணவருக்கு ஒரு படிவம்கூட இல்லை.

பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையே எடுத்துக்கொள்ளலாம். 2017-18இல் அதைக் கொண்டுவந்தபோது சொன்ன காரணம், பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தை நடத்தாமலே இரண்டு ஆண்டும் பிளஸ் டூ பாடத்தை உருட்டுகின்றன என்பது. 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியான மாநிலக் கல்விக் கொள்கை, மாணவரின் சுமையைக் குறைக்க அந்தத் தேர்வை நீக்கியது. பெரும்பாலான பிள்ளைகளுக்கு நிம்மதி. ஆனால் திருமுல்லைவாயிலிலோ திருவேற்காட்டிலோ பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண் இப்படிக் கேட்கலாம்: ‘பழைய காரணம் போய்விட்டதா, இல்லை அப்படியே இருக்கிறதா? எங்கள் பள்ளியில் இனி பதினொன்றாம் வகுப்பு இயற்பியலை நடத்துகிறார்களா என்று யார் வந்து பார்ப்பார்கள்?’ தேர்வு வேண்டாம் என்பவர்களும் வேண்டும் என்பவர்களும் இதை எழுப்புமுன் அவளுக்கு இது தோன்றியிருக்கும். நடத்தாமல் விட்ட பாடம் அவளுடையது. பள்ளிக் கல்வித் துறை இதற்கு எழுத்தில், காரணத்தோடு, அவள் பள்ளி நோட்டீஸ் போர்டில் ஒட்டும்படி பதில் தர வேண்டும். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை.