ஜெபிக்கிறவன் முதலில் திரும்பட்டும்

தியானப் பகுதி: அப்போஸ்தலர் 10ஆம் அதிகாரம்



கிறிஸ்துவை அறியாத ஒருவருக்காகவாவது ஜெபிக்காத விசுவாசக் குடும்பம் அரிது. கணவனுக்காக மனைவி ஜெபிக்கிறாள். வழிதப்பிய மகனுக்காகத் தாய் கண்ணீர் வடிக்கிறாள். வட மாநிலங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி ஜெபக்குழுக்கள் இரவெல்லாம் விழித்திருக்கின்றன. இந்த ஜெபம் எவரில் என்ன மாற்றத்தை உண்டாக்கவேண்டும் என்று கேட்டால், "அவிசுவாசியின் இருதயத்தில்" என்ற பதில் உடனே வரும். ஜெபிக்கிறவனுடைய இருதயத்தில் என்ன நடக்கவேண்டும் என்ற கேள்வியோ பெரும்பாலும் எழுப்பப்படுவதில்லை. வேதம் அந்தக் கேள்வியையே முதலில் எழுப்புகிறது.

மேல்வீட்டில் மாற்றப்பட்டவர்

செசரியா பட்டணத்தில் கொர்நேலியு என்னும் நூற்றுக்கு அதிபதி இருந்தான். அவன் புறஜாதியான், ரோமப் படையைச் சேர்ந்தவன். ஆயினும் ஒரு பிரசங்கியார் அவன் வாசலை மிதிக்கும் முன்பே, அவனுடைய ஜெபங்களும் தானதருமங்களும் தேவ சந்நிதியில் எட்டியிருந்தன என்று வேதம் சாட்சியிடுகிறது. தேவன் அவனுக்குத் தூதனை அனுப்பி, யோப்பாவிலிருந்து பேதுருவை அழைப்பிக்கச் சொல்லுகிறார்.

மறுநாள் நடுப்பகலில் பேதுரு மேல்வீட்டில் ஜெபித்துக்கொண்டிருக்கிறார். அவருக்குப் பசி உண்டாகிறது. நான்கு முனைகளும் கட்டப்பட்ட ஒரு துப்பட்டி வானத்திலிருந்து இறங்குகிறது. அதில் சகலவித ஜீவன்களும் இருக்கின்றன. புசிக்கும்படி கட்டளை பிறக்கிறது. பேதுரு மறுக்கிறார். மூன்று தரம் இது நடக்கிறது. அந்தக் காட்சியின் பொருள் விளங்காமல் அவர் திகைத்துக்கொண்டிருக்கையில், கொர்நேலியு அனுப்பின மனுஷர் வாசலில் வந்து நிற்கிறார்கள்.

இந்த அதிகாரத்தைப் பொதுவாகக் "கொர்நேலியுவின் மனந்திரும்புதல்" என்று அழைப்பது வழக்கம். ஆனால் கூர்ந்து வாசிக்கிறவருக்கு இங்கே இரண்டு மனந்திரும்புதல்கள் தெரியும். கொர்நேலியுவைக் காட்டிலும் பேதுருவைத் திருப்புவதற்கே அதிகப் பிரயாசம் தேவைப்பட்டது. நூற்றுக்கு அதிபதிக்கு ஒரு தரிசனம் போதுமானதாயிருந்தது. அப்போஸ்தலருக்கு மூன்று தரம் துப்பட்டி இறங்கவேண்டியதாயிற்று. எந்த மனுஷனையும் தீட்டுள்ளவன் என்று எண்ணாதிருக்கக் கற்றுக்கொண்ட பின்பே அவர் அந்த வீட்டுக்குள் நுழைந்தார். நுழைந்தவுடன், தம் பாதத்தில் விழுந்தவனைத் தூக்கிவிட்டு, தாமும் ஒரு மனுஷனே என்றார்.

எல்லா ஜனங்களும் கூடும் இடம்

அந்தத் துப்பட்டியைத் தலைநகரில் வாழும் தமிழ் விசுவாசி ஒவ்வொரு வாரமும் கண்ணாரக் காணலாம். தெற்குத் தில்லியில், தில்லி ஹாட்டுக்கு எதிரே, எய்ம்ஸ் மருத்துவமனைக்குச் சமீபமாக இருக்கிறது ஐ.என்.ஏ. மார்க்கெட். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தின் பெயரைத் தாங்கிய இடம் அது. மலாயாவிலிருந்து தமிழர் பலர் சேர்ந்து உழைத்த ராணுவம் அது. அந்தச் சந்தையின் குறுகிய சந்துகளில் மீனும் இறைச்சியும் ஒருபுறம், கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் மறுபுறம், தென்னாட்டு அரிசியும் அயல்நாட்டுச் சரக்கும் இன்னொருபுறம். ஒருவருக்கு விருந்தாயிருப்பது மற்றொருவருக்கு விலக்கு. வடகிழக்கு மாநிலத்தார், மலையாளிகள், தமிழர், பஞ்சாபியர், தூதரகங்களில் பணிபுரியும் அயல்நாட்டவர் என எல்லாரும் அங்கே தோளோடு தோள் உரசி நடக்கிறார்கள்.

விசுவாசி ஒருவன் அங்கே மீன் வாங்குகிறான். கடைக்காரர் வேறு மார்க்கத்தார். பல ஆண்டுகளாகப் பழக்கம். வீடு திரும்பிய விசுவாசி, "கர்த்தாவே, இருளில் கிடக்கும் அந்த மனுஷனை இரட்சியும்" என்று ஜெபிக்கிறான். நல்ல ஜெபம்தான். ஆனால் அந்த மனுஷனுடைய பெயர் அவனுக்குத் தெரியுமா? அவர் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று விசாரித்தது உண்டா? தவறுதலாகக் கூடுதல் சில்லறை வந்தால் திருப்பிக் கொடுத்தானா? வீட்டில் முழங்காலில் நிற்கிறவன் கடையில் எப்படி நின்றான் என்பதையும் தேவன் பார்த்திருக்கிறார். கள்ளத் தராசை அருவருக்கிறவர், வாங்குகிறவனுடைய நேர்மையையும் நிறுக்கிறார்.

1999ஆம் ஆண்டு கற்றுத்தந்த பாடம்

இந்த ஜெபத்தின் பாரத்தை இந்தியத் திருச்சபைக்கு 1999ஆம் ஆண்டைப்போல உணர்த்திய ஆண்டு வேறில்லை எனலாம். அவ்வாண்டு அக்டோபரில், அமெரிக்காவின் தென்பகுதி பாப்டிஸ்ட் சபைகளின் அயல்நாட்டு ஊழிய அமைப்பு, தீபாவளிக் காலத்தில் இந்துக்களுக்காக ஜெபிக்க ஒரு கையேட்டை வெளியிட்டது. கோடிக்கணக்கான இந்துக்கள் நம்பிக்கையற்ற இருளில் தொலைந்துகிடப்பதாக அது வர்ணித்தது. அந்த வாசகங்களைக் கேள்விப்பட்ட இந்துக்கள் மிகவும் புண்பட்டார்கள். அமெரிக்காவிலேயே கண்டனம் எழுந்தது. வீடுதோறும் விளக்கேற்றும் நாளில், விளக்கேற்றுகிறவர்களை இருளின் மக்கள் என்று அழைத்து எழுதப்பட்ட ஜெபம் அது.

சில வாரங்களில், நவம்பர் மாதம், போப் இரண்டாம் ஜான் பால் தில்லிக்கு வந்தார். நவம்பர் 6ஆம் தேதி ஆசியத் திருச்சபைக்கான தம்முடைய மடலை வெளியிட்டு, மூன்றாம் ஆயிரமாண்டில் ஆசியா ஒரு பெரிய விசுவாச அறுவடையைக் காணும் என்ற தம் நம்பிக்கையை மறைக்காமல் அறிவித்தார். மறுநாள் தீபாவளி. ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கில் அவர் ஆராதனை நடத்தினார். அதே நாளில் விஞ்ஞான் பவனில் பல சமயத் தலைவர்களோடு அமர்ந்து, தீபத் திருநாளை மரியாதையோடு குறிப்பிட்டுப் பேசினார். அவருடைய வருகைக்கும் எதிர்ப்பு இருந்தது. அறுவடை என்ற சொல் பலருக்கு உறுத்தியது. ஆனாலும் ஒரு வித்தியாசம் கவனிக்கத்தக்கது. தம் விசுவாசத்தை மறைக்காதவர், மற்றவர்களின் விளக்கை அவமதிக்கவும் இல்லை; சொல்லவேண்டியதை அவர்கள் முகத்துக்கு முன்பாகவே சொன்னார்.

அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே இன்னொரு சாட்சி உண்டாகியிருந்தது. ஜனவரி 23ஆம் தேதி அதிகாலையில், ஒடிசாவின் மனோகர்பூரில் கிரகாம் ஸ்டெயின்ஸும் பத்து வயது பிலிப்பும் ஆறு வயது தீமோத்தேயுவும் தாங்கள் உறங்கிய வாகனத்தோடு எரித்துக் கொல்லப்பட்டார்கள். கணவனையும் இரு மகன்களையும் இழந்த கிளாடிஸ் ஸ்டெயின்ஸ், கொன்றவர்களை மன்னித்துவிட்டதாக அறிவித்தார். உடனே நாட்டைவிட்டு ஓடவில்லை. 2004ஆம் ஆண்டுவரை பாரிபதாவில் தொழுநோயாளரின் பணியைத் தொடர்ந்தார். 2005இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது. கையேடுகள் சாதிக்காததை அந்த விதவையின் மன்னிப்பு சாதித்தது. கிறிஸ்துவை ஏற்காத இலட்சக்கணக்கானோர், கிறிஸ்து எப்படிப்பட்டவர் என்பதை அந்த நாளில் ஒரு மனுஷியின் முகத்தில் பார்த்தார்கள்.

காதில் விழத்தக்க ஜெபம்

ஒரு ஜெபத்தைச் சோதித்தறிய எளிய வழி ஒன்று உண்டு. யாருக்காக ஜெபிக்கப்படுகிறதோ, அவர் அருகில் நின்று அதைக் கேட்டால் என்ன ஆகும்? அவர் கூனிக்குறுகுவாரா? அல்லது, "என்னை இவ்வளவு நேசிக்கிற ஒருவர் உண்டா?" என்று வியப்பாரா?

பரிசேயனும் ஆயக்காரனும் தேவாலயத்தில் நின்றபோது, பரிசேயனின் ஜெபத்திலும் ஆயக்காரன் இடம்பெற்றான். ஆனால் ஒப்பிட்டு உயர்வதற்கான படிக்கல்லாகவே இடம்பெற்றான். ஸ்தேவான் கல்லெறியுண்டு சாகும்போது, தன்னைக் கொல்லுகிறவர்களுக்காக ஜெபித்தான். முணுமுணுக்கவில்லை, மிகுந்த சத்தமாய் ஜெபித்தான் என்று லூக்கா குறிப்பிடுகிறார். சாட்சிக்காரரின் வஸ்திரங்களுக்குக் காவலாக நின்ற சவுல் என்னும் வாலிபனின் காதிலும் அது விழுந்திருக்கவேண்டும். ஸ்தேவான் ஜெபித்திராவிட்டால் திருச்சபைக்குப் பவுல் கிடைத்திருக்கமாட்டார் என்று பிற்காலத்தில் அகஸ்டின் பிரசங்கித்தார்.

யோவானின் வாழ்க்கையும் இதையே கற்பிக்கிறது. சமாரியக் கிராமம் ஒன்று இயேசுவை ஏற்காதபோது, வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கட்டளையிடலாமா என்று கேட்டவர் அவர். ஆண்டவர் அவரை அதட்டினார். பின்பு அதே யோவான், பேதுருவோடு சமாரியாவுக்குச் சென்று, அந்த ஜனங்கள் பரிசுத்த ஆவியைப் பெறும்படி ஜெபித்தார். முதலில் கேட்டது அழிக்கும் அக்கினி. பின்பு வேண்டினது உயிர்ப்பிக்கும் ஆவி. இடையில் முதலாவது மாறினது யோவானுடைய இருதயம்.

திருப்புகிறவர் ஒருவரே

மோனிக்கா அம்மையார் தன் மகன் அகஸ்டினுக்காக நெடுங்காலம் கண்ணீரோடு ஜெபித்தார். 387ஆம் ஆண்டு ஈஸ்டர் திருநாளில் மிலான் நகரில் அம்புரோஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். அந்த மகன் முதிர்வயதில் ஆயராயிருந்தபோது, விசுவாசம் மனித முயற்சியால் தொடங்குகிறது என்று எண்ணிய வித்தாலிஸ் என்பவருக்குக் கடிதம் எழுதினார். அவருடைய வாதம் எளியது. சபை அவிசுவாசிகளுக்காகத் தேவனை நோக்கி ஜெபிக்கிறது. இருதயத்தைத் திருப்புகிறவர் தேவன் அல்லவென்றால், அந்த ஜெபம் வெறும் வேடிக்கையாகிவிடும்.

இதன் விளைவு மிகப் பெரியது. திருப்புகிறவர் தேவன் என்றால், ஜெபிக்கிறவன் மிரட்டவேண்டியதில்லை, ஆசைகாட்டவேண்டியதில்லை, எண்ணிக்கை காட்டவேண்டியதில்லை. அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு மதத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது; ஆயினும் அது மற்றொருவரை மதம் மாற்றும் உரிமையாகாது என்று 1977ஆம் ஆண்டு ஸ்தனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் குறித்து வருந்துவோர் உண்டு. ஆனால் எந்த மனுஷனும் இன்னொரு மனுஷனின் ஆத்துமாவைத் திருப்பும் அதிகாரம் பெற்றவனல்ல என்பதை முழங்காலில் நிற்கிறவன் ஏற்கெனவே அறிந்திருக்கிறான். ஆகையால்தான் அவன் மனுஷனை நெருக்காமல் தேவனிடத்தில் கெஞ்சுகிறான். கெஞ்சப்படுகிறவர் தேவன், மனுஷனோ சுயாதீனனாகவே இருக்கிறான்.

ஜெபிக்கிறவர் கைக்கொள்ளவேண்டியவை

முதலாவது, நன்றி. பஞ்சாபில் ஊழியம் செய்த ஜெபவீரர் ஜான் ஹைட், ஒரு போதகரின் குளிர்ந்த நிலையைக் குறித்துக் குறைசொல்லி ஜெபிக்கத் தொடங்கியபோது, ஆவியானவரால் தடுக்கப்பட்டாராம். அப்போது அவர் அந்தப் போதகரிடம் காணும் நன்மைகளுக்காகத் தேவனைத் துதிக்கத் தொடங்கினார் என்று அவர் சரித்திரத்தை எழுதினவர்கள் கூறுகிறார்கள். சக போதகருக்கே இது பொருந்துமானால், அவிசுவாசியான அயலானுக்கு எவ்வளவு அதிகம் பொருந்தும்! அவரிடமுள்ள உழைப்பு, உபசரிப்பு, பெற்றோரைப் பேணுதல் ஆகியவற்றுக்காக முதலில் நன்றி சொல்லட்டும்.

இரண்டாவது, பெயர். "அறியாத ஜனங்கள்" என்ற கூட்டத்தை அல்ல, ஒரு மனுஷனை, அவர் கவலைகளோடும் நோயோடும் கடனோடும் தேவனிடத்தில் கொண்டுபோகட்டும்.

மூன்றாவது, பொறுமை. சிவகாசிப் பக்கத்துக் கிராமங்களில் கூடாரமிட்டு அலைந்த ராக்லாந்து ஐயர் 1858இல் அங்கேயே மரித்தபோது, அவர் கண்ட பலன் மிகக் கொஞ்சம். விதைத்தவன் அறுத்தவனாயிருக்கவேண்டும் என்ற நியதி இல்லை. ஜெபிக்கப்பட்டவர் கடைசிவரை கிறிஸ்துவை ஏற்காதிருந்தாலும், அவர்மேல் உள்ள அன்பு குறையலாகாது. குறையுமானால், அது ஆரம்பத்திலேயே அன்பாக இருந்ததில்லை.

நினிவே மனந்திரும்பினபோது யோனா கோபித்துக்கொண்டான். பட்டணம் முழுவதும் திரும்பிற்று. தீர்க்கதரிசி ஒருவன்மட்டும் திரும்பவில்லை. இலட்சத்து இருபதினாயிரத்துக்கும் அதிகமான பேர்மேல் இரங்கின தேவனின் கேள்வியோடு அந்தப் புஸ்தகம் முடிகிறது. யோனாவின் பதில் எழுதப்படவில்லை. அந்தப் பதிலை எழுதவேண்டியவர்கள் அயலாருக்காக முழங்காலிடும் ஒவ்வொருவருமே. தம்முடைய ஜனத்தை முதலாவது தம்மிடத்தில் திருப்பி, அவர்களுடைய ஜெபத்தை அன்பின் தூபமாகக் கர்த்தர் ஏற்றுக்கொள்வாராக. ஆமென்.