பிச்சைச் சம்பளம்

ஒரு சமுதாயம் தன் நலிந்தோருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதைக் காட்டிலும், கொடுப்பதற்கு என்ன பெயர் சூட்டுகிறது என்பது அதன் உள்ளத்தை நன்கு புலப்படுத்தும். வறியோருக்கும் முதியோருக்கும் அங்கவீனருக்கும் அரசு மாதந்தோறும் வழங்கிவந்த உதவிப் பணத்தை நம் கிராமத்து மக்கள் ‘பிச்சைச் சம்பளம்’ என்றனர். சிங்கள மக்கள் அதனையே ‘பின் படி’ என்றனர். புண்ணியச் சம்பளம் என்பது அதன் பொருள். பிச்சை என்றால் பெறுபவன் தாழ்கிறான். புண்ணியம் என்றால் கொடுப்பவன் உயர்கிறான். இரண்டிலும் பெறுபவனுக்கு உரிமை என்பதொன்று இல்லை. ஆயினும் இரு வழக்குகளிலும் சம்பளம் என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருப்பது கவனிக்கத்தக்கது. சம்பளம் கேட்டு வாங்குவது. அதற்காக எவரும் கைகட்டி நிற்பதில்லை. பிச்சையா, சம்பளமா என்ற முரண்பாட்டை மக்கள் வழக்கே தன்னுள் அடக்கி வைத்திருக்கிறது. அம்முரண்பாட்டைத் தீர்ப்பது நம் கடமையாகும்.

ஆலையிலோ தோட்டத்திலோ வேலைசெய்யும் ஒருவன் இயந்திரத்திற் கையை இழந்தால், முன்னாளில் முதலாளியின் இரக்கமே அவனுக்குக் கதி. 1934 ஆம் ஆண்டின் வேலையாளர் நட்டஈட்டுச் சட்டம் அந்நிலையை மாற்றியது. இரக்கத்தின் இடத்தில் நட்டஈடு வந்தது. அவன் பெறும் பணத்தை இன்று எவரும் பிச்சை என்பதில்லை.

போரிற் காலிழந்த படைவீரனுக்கும் ஓய்வூதியம் உண்டு. அதனை நாடு தன் கடன் என்றே ஏற்றுக்கொள்கிறது. அதே போரில், தன் வயலுக்குச் சென்ற வழியில் மிதிவெடியிற் காலிழந்த கமக்காரனின் நிலை என்ன? அவன் தன் வறுமையை எண்பித்து உதவிப் பணத்திற்கு விண்ணப்பிக்க வேண்டியவன். படைவீரனுக்குரியதைக் குறைக்க வேண்டும் என்பது நம் வாதமன்று. வறிய சிங்களத் தாயின் மகன் ஒருவன் பெறும் ஊன்றுகோலைப் பறித்து வன்னியில் எவனும் நிமிர்ந்து நடக்கப்போவதில்லை. இழந்த கால் ஒன்றே. ஒருவனுக்கு அது கடன், மற்றவனுக்குத் தருமம் என்று பிரிக்கும் அளவுகோல் எது என்பதே நம் கேள்வி.

எவரிடமும் நட்டஈடு கோரமுடியாதவர், பிறவியிலேயே பார்வையற்றவர் போன்றோர், இருக்கிறார்களே, அவர்களுக்கு யார் கடன்பட்டவர் என்று கேட்கலாம். விடை நம் தெருக்களிலேயே இருக்கிறது. இரவில் தெருவிளக்கு எரிவது கண்ணுள்ளவனுக்காக. விளக்கில்லாவிடின் அவனும் தடுமாறி விழுவான். அவனது இயலாமையைப் பொதுப்பணம் போக்குகிறது. அதனை எவரும் சலுகை என்பதில்லை. மாடிப்படியும் பேருந்தின் உயர்ந்த மிதிபலகையும் கால் வலுத்தவனை மனங்கொண்டு அமைக்கப்பட்டவை. பொதுக் கட்டடங்களை அங்கவீனர் அணுகக்கூடியனவாக அமைக்கவேண்டுமென 2006 இல் ஒழுங்குவிதிகள் இயற்றப்பட்டன. 2011 இல் உயர் நீதிமன்றமும் அதனை வலியுறுத்த வேண்டியதாயிற்று. உலகைச் சிலருக்கு ஏற்ப அமைத்துவிட்டு ஏனையோரை வெளியே நிறுத்தும் சமுதாயம், வெளியே நிற்பவருக்குக் கடன்பட்டதே.

அக்கடனின் அளவையும் ஆராய்தல் வேண்டும். அங்கவீனம் இருவகையில் வறுமையைக் கொணர்கிறது என்பார் அமர்த்திய சென். ஒன்று, உழைத்துப் பெறும் வருவாய் குறைகிறது. மற்றையது, பெற்ற வருவாயும் குறைந்த வாழ்வையே தருகிறது. அயலவர் நடந்து செல்லும் வைத்தியசாலைக்கு இவர் முச்சக்கர வண்டி பிடிக்கவேண்டும். துணைக்கு வருபவரின் ஒருநாட் கூலியும் போய்விடும். பிரித்தானியாவிலே அங்கவீனர் உள்ள குடும்பங்களைச் சேர்ந்தோரில் நூற்றுக்கு 23.1 பேர் வறுமைக் கோட்டின் கீழிருந்தனர் என்றும், இம்மேலதிகச் செலவையும் கணக்கிற் சேர்த்தால் அத்தொகை 47.4 ஆக உயர்கிறது என்றும் வீப்கே குக்லிஸ் என்னும் ஆய்வாளர் கண்டதை அவர் எடுத்துக்காட்டுகிறார்.

நம் நாட்டில் வருமானங் குறைந்த அங்கவீனருக்கு மாதம் 5,000 ரூபாவாக இருந்த கொடுப்பனவு, 2024 இல் 7,500 ஆகவும் 2025 இல் 10,000 ஆகவும் உயர்த்தப்பட்டது. இவ்வுயர்வு வரவேற்கத்தக்கது. ஆயினும் தகுதியை நிர்ணயிப்பது குடும்பத்தின் வறுமை. தமையன் வீட்டில் வாழும் நடக்கவியலாத தங்கை ஒருத்தியை எண்ணிப்பாருங்கள். தமையன் சிறிது சம்பாதித்தால் அவள் வறியவள் அல்லள் என்று கணக்கு முடிகிறது. ஆனால் சவர்க்காரம் வாங்குவதற்கும் அவள் அண்ணியின் முகத்தையே பார்க்கவேண்டும். சட்டத்தின் கண்ணில் அவள் தனிமனுஷியாக இல்லை. பிறர் தலையிற் சுமையாகவே இருக்கிறாள். அரசிடமிருந்து நீங்கிய பிச்சை, இவ்வாறு அடுக்களைக்குள் மீண்டும் புகுந்துவிடுகிறது.

பணம் கொடுத்தால் உழைக்கும் மனம் குன்றும் என்பர் சிலர். அங்கவீனருக்கு அரச வேலைகளில் நூற்றுக்கு மூன்று இடங்கள் ஒதுக்கப்படவேண்டுமென 1988 ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை வெளிவந்தது. வாயிற்படியைத் தாண்டமுடியாத அலுவலகத்தில் வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, உழைக்க மனமில்லை என்பது அறமாகாது. வேலையும் வேண்டும், வேலைக்குப் போகும் வழியும் வேண்டும், அவ்வழிக்கான செலவும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பது ஏய்ப்பேயாகும்.

2022 இல் கடனைத் திருப்பிக் கொடுக்க இயலாது என்று அறிவித்த நாடு இதற்கு எங்கே போகும் என்று வேறு சிலர் கேட்பர். நாடு வறியதுதான். எனினும், அந்நியரிடம் பட்ட கடனுக்குத் தவணை கேட்டவர்கள், அதனைக் கடன் இல்லை என்று சொல்லவில்லை. தம் மக்களுக்குப் பட்ட கடனைப் பொறுத்தும் அந்த நேர்மையேனும் வேண்டும். இன்று இவ்வளவே இயலும் என்பது ஒன்று. இதுவே எம் பெருந்தன்மை என்பது வேறொன்று. முன்னது கடன்காரன் பேச்சு. பின்னது புரவலன் பேச்சு.

அங்கவீனரின் உரிமைகள் பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. வறுமையில் வாழும் அங்கவீனருக்கு, அங்கவீனத்தால் நேரும் செலவுகளில் அரசு உதவவேண்டுமென அதன் 28 ஆம் உறுப்புரை கூறுகிறது. கையொப்பம் இட்டாயிற்று. எஞ்சியிருப்பது மனமாற்றம். அதனைச் சட்டம் மட்டும் கொணராது, வகுப்பறைகளும் கொணரவேண்டும். அங்கவீனருக்கு இரங்குமாறு மாணவருக்குப் போதிக்கிறோம். இரக்கம் நல்லதே, ஆனால் இரங்குபவன் விரும்பும்போது கை மூடிக்கொள்ளலாம். கடன்பட்டவனுக்கு அச்சுதந்திரம் இல்லை. பிரதேச செயலகத்தின் வரிசையில் நிற்கும் ஒருவர், தமக்குரியது தாமதமானால் தலைநிமிர்ந்து ‘ஏன்?’ என்று கேட்கக்கூடிய நாளிலேதான், அந்தப் பழைய பெயரிலுள்ள பிச்சை உதிர்ந்து சம்பளம் மட்டும் எஞ்சும்.