மூடுபனியும் பொய்க்கொடியும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களை வைகறையில் மூடும் பனி, வெயிலேற விலகிவிடுகிறது. மனிதர் செய்யும் மறைப்புக்கும் அதுவே கதி.

இம்மலைக்கு வடமேற்கேயுள்ள பினாங்குத் துறைமுகத்தினுள், 1914 அக்டோபர் 28இல், ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், பொய்ப் புகைபோக்கி ஒன்றைப் பூண்டு நுழைந்து, ருஷ்யக் கப்பலொன்றை மூழ்கடித்தது. பன்னிரண்டாம் நாளே, கொக்கோஸ் தீவிலிருந்து எழுந்த கம்பியில்லாத் தந்தி அதனைக் காட்டிக்கொடுத்தது. பின்வந்த ராடாரோ இருளையும் பனியையும் ஊடுருவிற்று.

ஆயினும் எம்டன், சுடுமுன் தன் கொடியை ஏற்றிற்று. வேடத்தைப் பொறுக்கும் கடற்போர் நெறியும், பொய்க்கொடியின்கீழ்ச் சுடுவதைப் பொறாது. போருக்கே இந்நேர்மை வேண்டுமெனில், அன்பு மொழி பேசிக்கொண்டே, கொழுந்து பறிப்போர் கூலியைக் கணக்கில் விழுங்குவோனை என்னென்பது? அவன் பறக்கவிடுவது பொய்க்கொடியே. அவனைக் காட்டும் ராடார் ஒன்றுண்டு. அது, தன் கணக்கைத் தானே படிக்கும் தொழிலாளியின் கண்!