காலியான ஆசனம்

தேர்தலில் வெற்றி பெற்ற ஒருவர், சபைக்குள் நுழைந்து பிரமாணம் எடுத்துக்கொள்ளுமுன்னரே காலமாகிவிட்டால், அவர் சட்டசபையின் அங்கத்தினராக இருந்தார் என்று சொல்வதா, இருக்கவில்லை என்று சொல்வதா? 2016-ஆம் ஆண்டு மே மாதம் திருப்பரங்குன்றம் தொகுதியில் வென்ற எஸ். எம். சீனிவேல் அந்த மாதம் 25-ஆம் தேதி பிரமாணம் எடுக்காமலே மறைந்த செய்தியைப் படித்த நாள் முதல் இந்தக் கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. சட்டம் படித்தவர்கள் தயங்காமல் விடை சொல்வார்கள்: ஆசனத்தில் அமருமுன் ஒவ்வோர் அங்கத்தினரும் பிரமாணம் செய்யவேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 188-ஆம் பிரிவு விதிக்கிறதே ஒழிய, பிரமாணம் செய்த பிறகே ஒருவர் அங்கத்தினர் ஆகிறார் என்று விதிக்கவில்லை, ஆகவே சீனிவேல் அங்கத்தினர்தான், ஆசனத்தில் அமராத அங்கத்தினர். விடை சரியானதே. ஆனால் அங்கத்தினர் வேறு, ஆசனம் வேறு என்று ஒப்புக்கொண்ட மாத்திரத்தில், இந்த இரண்டையும் சில காலம் சேர்த்துப் பிடித்திருப்பது எது என்ற கேள்வி எழுந்துவிடுகிறது.

அதே தொகுதியின் பிற்கால வரலாறு இந்தச் சிக்கலை இன்னும் ஆழமாக்குகிறது. அவ்வாண்டு நவம்பரில் நடந்த இடைத்தேர்தலில் வென்று வந்த ஏ. கே. போஸ் 2018 ஆகஸ்டு 2-ஆம் தேதி காலமானார். அவர் மறைந்து ஏழு மாதங்களுக்கு மேல் ஆன பின்பு, 2019 மார்ச்சில், அவருடைய வேட்புமனுவோடு சேர்ந்த கட்சிப் படிவங்களில் பதிந்திருந்த ஜெயலலிதாவின் கைரேகை பற்றிய வழக்கிலே, அவர் பெற்ற வெற்றியே செல்லாது என்று சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. மே மாதத்தில் பி. சரவணன் அந்த இடத்துக்கு வந்தார். ஒரே சபையின் ஆயுளுக்குள் ஒரே ஆசனத்துக்கு மூவர். முதலாமவர் அதில் அமரவே இல்லை, இரண்டாமவர் அமர்ந்தது செல்லாது என்று அவர் காதில் விழ முடியாத காலத்தில் தீர்ப்பாயிற்று, மூன்றாமவர் மிச்சமிருந்த நாட்களுக்கு வந்தார்.

2016 முதல் 2021 வரை நடந்த அந்தப் பதினைந்தாவது சட்டசபை, அநித்தியத்தைப் பற்றி எந்த மடாதிபதியும் செய்யாத உபந்நியாசத்தை நமக்குச் செய்துவிட்டுப் போயிருக்கிறது. முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2016 டிசம்பர் 5-ஆம் தேதி மறைந்தார், ஓ. பன்னீர்செல்வமும், 2017 பிப்ரவரியில் எடப்பாடி கே. பழனிசாமியும் அடுத்தடுத்து அந்த நாற்காலிக்கு வந்தார்கள். 1957-இல் குளித்தலையிலிருந்து முதன்முதலாகச் சபைக்குள் வந்து, பதின்மூன்று முறை நின்று பதின்மூன்று முறையும் வென்ற மு. கருணாநிதி, 2018 ஆகஸ்டு 7-ஆம் தேதி திருவாரூர் அங்கத்தினராகவே கண்மூடினார். 2020 பிப்ரவரி 27-ஆம் தேதி திருவொற்றியூர் கே. பி. பி. சாமியும், மறுநாளே குடியாத்தம் எஸ். காத்தவராயனும் போனார்கள். ஜூன் 10-ஆம் தேதி, தம் பிறந்தநாளன்றே, ஜெ. அன்பழகனைக் கொரோனா கொண்டுபோயிற்று. அக்டோபர் கடைசி நாளில் வேளாண் அமைச்சர் இரா. துரைக்கண்ணுவையும் அதே நோய் கொண்டுபோயிற்று. அந்தச் செப்டம்பரில் சபையே கோட்டையை விட்டுக் கலைவாணர் அரங்கத்துக்குப் போய்க் கூடவேண்டியிருந்தது.

மரணம் மட்டுமா? 2017 செப்டம்பர் 18-ஆம் தேதி, கட்சித்தாவல் சட்டத்தின்படி பதினெட்டுப் பேரைச் சபாநாயகர் ப. தனபால் ஒரே நாளில் தகுதி நீக்கம் செய்தார். அவர்களில் ஒருவரான வி. செந்தில்பாலாஜி 2019 மே மாதம் வேறு கட்சியின் வேட்பாளராக அதே அரவக்குறிச்சியில் நின்று, விட்ட இடத்துக்கே திரும்பி வந்தார். ஆசனம் அதுவே, ஆளும் அவரே. ஆனால் அங்கத்தினர் அவரே என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

அங்கத்தினர் என்று அக்காலத்தவர் சொன்னார்கள். உறுப்பினர் என்று இப்போது சொல்கிறோம். இரண்டுக்கும் பொருள் உடம்பின் ஓர் உறுப்பு என்பதே. உறுப்புகள் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டேயிருக்க, உடம்பு மட்டும் அதே உடம்பு என்று எப்படிச் சொல்வது? இந்த விசாரம் எங்கள் சீமைக்குப் புதிதன்று. எங்கள் ஊராகிய வாலாஜாபாத்திலிருந்து மேற்கே போனால் காஞ்சி. நாளந்தாவின் பெரிய ஆசாரியராகிய தர்மபாலர் அங்கே பிறந்தவர் என்று சீன யாத்திரிகர் யுவான் சுவாங் எழுதிவைத்திருக்கிறார். வடகிழக்கே போனால் இராமாநுஜர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூர். காஞ்சிக்கு அப்பால் அவர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்ட திருப்புட்குழி. பௌத்தர் சொல்வார்கள்: சக்கரமும் அச்சும் நுகமும் நீங்கலாகத் தேர் என்று தனியே ஒன்று இல்லை என்று நாகசேனர் மிலிந்தனுக்குக் காட்டியதுபோல, இருநூற்று முப்பத்து நான்கு பேரை நீக்கினால் சபை என்று ஒன்று இல்லை, ஒரு கணத்துச் சபை அடுத்த கணத்துச் சபை அன்று. இராமாநுஜரோ சரீரத்துக்கு வேறு இலக்கணம் சொன்னார்: ஒரு சேதநனால் தாங்கப்பட்டு, அவனால் நியமிக்கப்பட்டு, அவனுக்காகவே இருப்பது எதுவோ அதுவே அவனுக்குச் சரீரம். எந்தத் துணுக்குகளால் ஆகியது என்பது அங்கே கேள்வியே இல்லை. யாருக்காக இருக்கிறது என்பதே கேள்வி. அந்த இலக்கணத்தைச் சபைக்குப் பொருத்திப் பார்த்தால், பிரஜைகளுக்காக இருக்கும் வரையில் அது அதே சபை. அவர்களுக்காக இல்லாமல் போன அன்று, ஓர் அங்கத்தினர்கூட மாறாவிட்டாலும் அது வேறு எதுவோ ஆகிவிட்டது. எனக்கு இந்த வழக்கில் இராமாநுஜர் பக்கமே மனம் சாய்கிறது.

ஆயினும் பௌத்தர் விட்டுக்கொடுக்காத ஒரு விஷயம் உண்டு: செய்தவன் என்று நிலையான ஒருவன் இல்லாவிட்டாலும் செய்த வினை தன் பலனைத் தராமல் ஒழியாது என்பது. இதை நம்முடைய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமும் ஒருவகையில் ஏற்றுக்கொண்டிருக்கிறது என்பதைக் கண்டபோது நான் வியந்துபோனேன். ஒருவருடைய தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகிவிட்டாலும், அதற்கு முன் அவர் அங்கத்தினராகக் கலந்துகொண்ட நடவடிக்கைகள் அந்தக் காரணத்தால் செல்லாதவை ஆகா என்று அதன் 107-ஆம் பிரிவு சொல்கிறது. கர்த்தா அழிகிறான், கர்மம் நிற்கிறது. 2017 ஜனவரி 23-ஆம் தேதி அந்தச் சபை நிறைவேற்றிய ஜல்லிக்கட்டுச் சட்டத்தை 2023-இல் உச்சநீதிமன்றம் ஏற்றது. அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீத இடம் ஒதுக்கிய சட்டத்தை 2020 செப்டம்பரில் அதே சபை இயற்றியது. அதனால் இன்று டாக்டருக்குப் படிக்கும் கிராமத்துப் பெண் ஒருத்திக்கு, அன்று கை உயர்த்தியவர்களின் பெயர்கள் தெரியவேண்டிய அவசியம் இல்லை.

திருப்பரங்குன்றம் என்ற பெயரே இன்னொன்றை நினைவூட்டுகிறது. சூரபன்மனிடம் இழந்த சிங்காசனத்தை முருகன் மீட்டுக் கொடுத்த நன்றிக்காக, இந்திரன் தன் மகள் தெய்வயானையைக் கைப்பிடித்துக் கொடுத்த இடம் அது. அந்த இந்திர பதவிக்கும் தவணை உண்டு. ஒவ்வொரு மன்வந்தரத்துக்கும் ஒவ்வோர் இந்திரன். வாமனனுக்கு மூன்றடி கொடுத்து எல்லாம் இழந்த மகாபலியே அடுத்த மன்வந்தரத்து இந்திரன் என்று புராணம் சொல்கிறது. இந்திரன் என்பது ஒருவனுடைய பெயர் அன்று, ஓர் ஆசனத்தின் பெயர் என்பதை நம் பாட்டிமார் கதையாகவே அறிந்திருந்தார்கள்.

பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் வரும் உத்திரமேரூருக்கு வருஷத்தில் ஒரு தடவையாவது போகாமல் இருப்பதில்லை. வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்லிலே முதற் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919-இலும் 921-இலும் வெட்டிய எழுத்துக்கள் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஆயிரம் வருஷத்து வெயிலுக்குப் பிறகும் விரலை வைத்தால் உளி இறங்கிய பள்ளம் தட்டுப்படுகிறது. குடவோலையைப் பற்றி மேடைதோறும் பேசுகிறார்கள்: முப்பது குடும்பிலும் ஓலை எழுதிக் குடத்தில் இட்டு, ஒன்றும் அறியாத ஒரு பாலகனைக் கொண்டு எடுப்பித்து, அதை மத்யஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் ஏற்று எல்லோரும் கேட்க வாசித்த முறை அழகானதுதான். ஆனால் என் கண் ஒவ்வொரு தடவையும் போய் நிற்பது வேறு இடங்களில்: வாரியப் பெருமக்களுக்குத் தவணை 360 நாள், வாரியம் செய்தவர் மூன்று ஆண்டு கழியாமல் மறுபடியும் வர முடியாது, வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய மாமன் மைத்துனன் வரையிலான உறவினரும் ஓலையில் பெயர் எழுதப்படத் தகாதவர்கள். ஆசனத்துக்கு வருகிற வழியைப் போலவே அதை விட்டுப் போகிற வழியையும் தர்மத்துக்குள் கொண்டுவந்தவர்கள் அந்தச் சபையார்.

அந்தச் சபை பிராமணர்களுடைய சபை. நிலமும் வேதமும் உடைய ஆடவருக்கே அதில் இடம். ஏரியிலே மண் சுமந்தவனுடைய பெயர் எந்த ஓலையிலும் ஏறவில்லை. இதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது கல்லுக்கும் செய்கிற துரோகம். மூன்றாண்டு இடைவெளியை இன்றைய சட்டசபைக்கு அப்படியே கொண்டுவரவேண்டும் என்பதும் என் கருத்தன்று. அறுபது ஆண்டுச் சபை ஞாபகத்தைச் சுமந்த ஒருவர் இருப்பது சபைக்குச் செல்வம். கணக்கைப் பற்றிய விதி ஒன்றையாவது கடன் வாங்கியிருக்கலாமே என்றுதான் ஏங்குகிறேன்.

ஏனெனில், பதவி அநித்தியம் என்ற தத்துவத்தை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆசனம் காலியாகக் கிடக்கும்போது அதன் பாரத்தைச் சுமப்பவர்கள் தத்துவம் பேசாதவர்கள். பதினெட்டுப் பேர் நீக்கப்பட்ட வழக்கில் 2018 ஜூனில் இரண்டு நீதிபதிகள் இரண்டு விதமாகத் தீர்ப்புச் சொல்ல, அக்டோபரில் மூன்றாம் நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். 2019 மே மாதம் வாக்கு எண்ணி முடிகிற வரையில், ஏறக்குறைய இருபது மாதம், அன்று எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்திலேயே இருந்த திருப்போரூர் உள்பட அந்தப் பதினெட்டுத் தொகுதிகளுக்கும் சபையிலே வாய் இல்லை. ஏரி மதகு பழுதானதை எழுந்து கேட்க ஆள் இல்லை. திருவொற்றியூரும் குடியாத்தமும் அடுத்த பொதுத்தேர்தல் வரைக்கும் காலியாகவே கிடந்தன. துறவி தன் ஆசனத்தை விடும்போது அவனை நம்பி எவரும் இல்லை. அங்கத்தினரின் ஆசனம் அப்படிப்பட்டதன்று.

சென்ற மாசியில் உத்திரமேரூரிலிருந்து திரும்பிய மாலையில், எங்கள் தெருவில் ஒரு தறி வீட்டுத் திண்ணையில் சிறிது நேரம் உட்கார்ந்தேன். பாவு தீர்ந்து, புதுப் பாவு ஏறிக்கொண்டிருந்தது. அச்சிலும் விழுதிலும் பழைய பாவின் ஒரு முழம் மட்டும் அறுக்காமல் விட்டிருந்தது. நெசவாளர் விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, பழைய இழை ஒன்று, புது இழை ஒன்று என்று எடுத்து, ஒரே முறுக்கில் பிணைத்துக்கொண்டே போனார். ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்றையும் தாண்டிவிட முடியாது. “இந்தப் பழையதுதான் கழிவாச்சே, முதலிலேயே அறுத்துவிட்டால் என்ன?” என்று கேட்டேன்.

“அறுத்துட்டா எப்படிங்க ஐயா? அதுதானே புதுசை விழுதுக்குள்ள இழுத்துக்கிட்டு வரணும்” என்றார், இழையை விட்டுக் கண்ணை எடுக்காமல். “அந்த முடிச்செல்லாம் அச்சைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடட்டும். அப்புறம் நானே அறுத்துடுவேன்.”

விளக்கைப் போட்டார்கள். இன்னும் பாதி இழை மிச்சம் இருந்தது.